பாவுக்குப் போன கருப்பட்டி

தறிக்குழியில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கஞ்சியைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்று எனது இளவயதில் நான் உறுதியாக நம்பியிருந்தேன். அந்நம்பிக்கை ஒரே ஒரு காலைப் பொழுதில் கலைந்துபோயிற்று. கலைந்த விதத்தை எங்கள் தெரு முழுவதும் நின்று பார்த்தது. ஆகையால் இங்கே நான் எதையும் மறைப்பதற்கு வழியில்லை. மறைத்தாலும் பக்கத்து வீட்டுச் செங்கோடன் வீட்டார் எவரேனும் வந்து விட்டுப்போனதைச் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

மேட்டூரில் அணை கட்டி முடிந்திருந்த காலம் அது. இளம்பிள்ளையில் எங்கள் வீட்டில் ஒரு குழித்தறி இருந்தது. தறியில் நான் அமர்வேன். பாவின் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூற்குச்சியாகிய தாரைச் சுற்றித் தருபவள் என் மனைவி செல்லம்மாள். அவளுடைய ராட்டை சுழன்றால்தான் எனது தறி ஓடும். ராட்டை நின்றுவிட்டால், குழிக்குள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்திருப்பதைத் தவிர எனக்கு வேறு தொழில் கிடையாது.

அந்த ராட்டைதான் தடுமாறத் தொடங்கியது. காரணம் எங்கள் மூத்த மகன் முத்து. அரை வயது கடந்திருந்த அவன் தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் வாயில் வைக்க மறுத்தான். அந்தப் பாலையும் பகலில் பேருக்குக் குடிப்பான். இரவில்தான் ஊன்றிக் குடிப்பான். பகல் முழுவதும் சேலைத் தொட்டிலில் அசையாமல் உறங்குவான். மாலையில் தறியை நிறுத்தி விளக்கை அணைத்தோமானால், அவனுக்கு அப்பொழுதுதான் பொழுது விடியும். அவனோடு செல்லம்மாளுக்கும் விடியும். அவள் ராட்டையின் முன் அமர்ந்தபடியே தலை சாய்ந்து உறங்குவதையும், அறுந்த நூலின் நுனியைக் கண் திறவாமல் தேடுவதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன். (கண்டும் நான் செய்தது யாதெனில், தார் தீர்ந்துவிட்டது என்று நினைவூட்டியதுதான்.)

பிள்ளைக்குக் கேழ்வரகுப் பால் பழக்க அவள் பெரிதும் முயன்றாள். கேழ்வரகை ஊறவைத்து, அரைத்து, துணியில் வடிகட்டிக் காய்ச்சுவாள். ஒரு துளியை விரலில் எடுத்து அவன் உதட்டில் தடவுவாள். அவன் அதனைச் சிந்தித்துப் பார்ப்பவன்போல் சற்று நேரம் வைத்திருந்துவிட்டு எதிரே இருப்பவர்மீது துப்புவான். பெரும்பாலும் எதிரே இருந்தவன் நானாகையால், அவனது குறி எத்தனை சுத்தமானது என்பதற்கு எனது மீசையே சாட்சி.

இந்நிலையில் நாமக்கல் பக்கத்திலிருந்து என் மாமனார் சொல்லி அனுப்பினார். அவர் மாட்டுவண்டி ஓட்டிப் பிழைத்தவர். சொல்லையும் சுமையைப்போல் எண்ணித்தான் இறக்குவார். "எம்புள்ள தூக்கமில்லாமக் கெடக்குதுன்னு கேள்விப்பட்டனுங்க. வெள்ளிக்கெழம வண்டி கட்டிக்கிட்டு வாரேன். பையன் சோறு திங்கற மட்டுக்கும் ரெண்டு பேரும் நம்மூட்ல இருக்கட்டும்" என்பதே செய்தி. மனைவியும் மகனும் போய்விட்டால் தறி நின்றுவிடும் என்பது ஒருபுறம். அதனினும் பெரிது வேறொன்று: பெண்டாட்டி பிள்ளைக்கு ஒரு வாய்க் கஞ்சி ஊட்ட வக்கில்லாதவன் என்ற பெயர் எனக்கு நிலைத்துவிடும். ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் முத்து சாப்பிட்டாக வேண்டும்.

நான் செல்லம்மாளின் பாத்திரத்தை வாங்கிச் சோதித்தேன். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே கஞ்சியை வைத்து, நூலுக்கு இடும் பாவுக் கஞ்சிக்குப் பதம் பார்ப்பதுபோல் இழுத்துப் பார்த்தேன்.

"கட்டி தட்டியிருக்கிறது. இந்தக் கஞ்சியைப் போட்டால் நூல்கூட அறுந்துவிடும். பிள்ளை எப்படிச் சாப்பிடுவான்?" என்றேன்.

"உங்க நூலு துப்பாதுங்க. இவன் துப்புவான். அதானுங்க வித்தியாசம்" என்றாள் அவள்.

"நான் காய்ச்சித் தருகிறேன், பார்."

"காச்சுங்க. நான் அந்த நேரத்துக்குக் கொஞ்சம் படுத்துக்கறேன்."

எனது துணிவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பள்ளிக்கூடத்தை நான் வெளியிலிருந்து பார்த்தவனேயன்றி உள்ளே சென்றவன் அல்லன். நூல் பொட்டலங்களைச் சுற்றி வரும் பழைய பத்திரிகைத் தாள்களை வைத்துத்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றேன். அவ்வாறு வந்த ஒரு தாளில் குழந்தை வளர்ப்பைப் பற்றிய கட்டுரை ஒன்றிருந்தது. அரை வயதுக்கு மேல் தாய்ப்பாலுடன் கஞ்சியும் பழக்க வேண்டும் என்று அது கூறியது. "அவ்வாறு பழக்கும்போது தாய்மார்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது யாதெனில்" என்ற இடத்தில் தாள் கிழிந்திருந்தது. மீதி எந்தப் பொட்டலத்தோடு எந்த ஊருக்குப் போயிற்றோ தெரியாது. கிடைத்த பாதியே போதுமென்று நான் அமைதியடைந்தேன்.

வெள்ளிக்கிழமை விடியலில் எங்கள் பாவுக்கும் முறை வந்திருந்தது. பாவு என்பது சேலையின் நெடுக்கு நூல். அதனைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, நார்த் தூரிகையால் நீவி, வெயில் ஏறுவதற்குள் உலர்த்த வேண்டும். ஒரு வீட்டுப் பாவுக்குத் தெருவே வந்து கைகொடுக்கும். அன்றைய பாவு அரக்குச் சிவப்பு. அழுத்தமான நிறத்துக்குக் கேழ்வரகுக் கஞ்சியையே நாங்கள் காய்ச்சுவது வழக்கம். அப்பொழுதுதான் அந்த எண்ணம் எனக்கு உதித்தது. பாவுக்கும் கேழ்வரகு, பாலனுக்கும் கேழ்வரகு. ஒரே பானையில் காய்ச்சினால் என்ன? பாவுக்குக் காய்ச்சுவதைப்போல் வழவழப்பாக அந்தத் தெருவில் எவரும் காய்ச்சமாட்டார்கள். பிள்ளையின் பங்கை முதலில் எடுத்துக் கருப்பட்டிப் பாகு சேர்ப்பது. மீதியில், இழைகள் ஒட்டாதிருக்க நல்லெண்ணெய் சேர்ப்பது. இதில் பிழை நேர இடமேயில்லை.

பாகையும் எண்ணெயையும் இரண்டு கொட்டாங்கச்சிகளில் அடுப்பருகே வைத்துக்கொண்டேன். முந்தைய இரவு முத்து என்னையும் உறங்க விடவில்லை. அடுப்புப் புகையில் இரண்டு கொட்டாங்கச்சிகளும் ஒன்றுபோலவே இருந்தன. நான் கிளறினேன், கிளறிக்கொண்டே சற்றுக் கண்ணயர்ந்தேன், விழித்ததும் எண்ணெய் சேர்க்கும் நினைவு வந்து ஒரு கொட்டாங்கச்சியைப் பானையில் கவிழ்த்தேன். பிறகுதான் பிள்ளையின் பங்கை இன்னும் எடுக்கவில்லையே என்பது நினைவுக்கு வந்தது. ஒரு கிண்ணியில் எடுத்து நுனிநாக்கில் வைத்துப் பார்த்தேன். இனித்தது. ஆகா, பாகு முன்னமே சேர்த்துவிட்டேன் போலும் என்று எண்ணி மகிழ்ந்தேன். பானை முழுவதும் அவ்வாறே இனிக்கக்கூடும் என்ற ஐயம் எனக்கு எழவேயில்லை. எனது அறிவு அந்நாளில் அத்தனை சிக்கனமாக வேலை செய்தது.

செல்லம்மாள் சுவரோரம் ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள். விடியற்காலை அவள் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரம்தான். ஆயினும் எழுப்ப மனம் வரவில்லை. முத்துவை மடியில் கிடத்திக்கொண்டு, விரலில் கஞ்சியைத் தோய்த்து, மீசையை ஒருபுறமாகத் திருப்பிக்கொண்டு ஊட்டினேன்.

அவன் துப்பவில்லை.

மறுபடி ஊட்டினேன். விரலைச் சப்பினான், விடமாட்டேன் என்று ஈறால் கடித்தான். கிண்ணி காலியாயிற்று. மீண்டும் நிரப்பினேன். அதுவும் காலியாயிற்று. நூலுக்காகக் காய்ச்சிய கஞ்சி, நல்ல கெட்டி. அவன் வயிறு பறையைப்போல் விம்மியதைக் கண்டு, என் சமையலுக்குக் கிடைத்த சான்று என்றே கருதினேன். தொட்டிலில் இட்டதும் உறங்கிப்போனான். பானையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு நான் நடந்து வந்த நடையை இப்பொழுது நினைத்தாலும் எனக்கு உடல் கூசுகிறது.

தெருவில் பாவை இழுத்துக் கட்டி எல்லோரும் காத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுச் செங்கோடன் முன்னால் நின்றான். அவன் எனக்கு மச்சான் முறை. அவனுக்கும் முத்துவைவிடச் சற்று இளைய பெண்குழந்தை ஒன்றிருந்தது. "எம்புள்ள உம்பட பையனுக்குத்தான்" என்று அவன் வாரம் ஒருமுறையாவது சொல்லி வைப்பான். அவன் மனைவி காவேரி காய்ச்சலில் விழுந்து எழுந்தபின் பால் குறைந்து, அந்தப் பெண் பசியால் சிணுங்கிக்கொண்டே இருந்தது.

"என்ன மச்சான், மொகத்துல வெளிச்சம் அடிக்குது?" என்றான் செங்கோடன்.

"பையன் சாப்பிட்டுவிட்டான்."

"அட, நெசமாவா? எப்படி?"

எப்படி என்று எவரேனும் கேட்கமாட்டார்களா என்றுதான் நான் காத்திருந்தேன். தூரிகையைக் கஞ்சியில் தோய்த்து இழைகளின்மீது நீவிக்கொண்டே, குழந்தைகளுக்கு உணவூட்டும் முறையைப் பற்றி ஒரு விரிவுரை நிகழ்த்தினேன். பெண்கள் பொறுமையற்றவர்கள் என்றேன். பதம்தான் முக்கியம் என்றேன். கிழிந்த தாளில் இருந்த பாதியைச் சொல்லி, இல்லாத பாதியையும் சேர்த்துச் சொன்னேன். தெரு முழுவதும் கேட்டுக்கொண்டே நீவியது.

முதலில் ஈக்கள் வந்தன. காலை நேரமென்று எவரும் கவனிக்கவில்லை. வெயில் சற்று ஏறியதும் இழைகள் பக்கத்து இழைகளோடு கைகோத்துக்கொண்டன. நீவ நீவப் பிரியவில்லை. பாவைத் தாங்கியிருந்த மூங்கில் கால்களின் வழியாகச் சிவப்பெறும்புகள் வரிசையாக ஏறின. அரக்குச் சிவப்பு நூலில் சிவப்பெறும்பு ஏறியது கண்ணுக்குப் புலப்பட நேரமாயிற்று. கைக்குத்தான் முதலில் புலப்பட்டது.

செங்கோடன் கையை உதறிவிட்டு, விரலை மோந்து பார்த்தான். பிறகு நக்கினான். பிறகு நிதானமாக இன்னொரு முறை நக்கினான்.

"மச்சான், இது பாவா, பாயசமா?"

"என்ன உளறுகிறாய்?"

"நீயே நக்கிப் பாரு. முந்திரிப் பருப்பு மட்டுந்தான் போடல."

நான் நக்கினேன். தெருவிலிருந்த அத்தனை பேரும் அவரவர் கையை நக்கினார்கள். ஒருவர் பின் ஒருவராக அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்த காட்சி இன்னும் என் கண்முன் நிற்கிறது. ஒரு பெரியவர், "எண்ணெய் எங்க சாமி?" என்று பரிவோடு கேட்டார். எண்ணெய் அடுப்பருகே கொட்டாங்கச்சியில் பத்திரமாக இருந்தது.

இத்தருணத்தில் தெருக்கோடியில் வண்டிச் சத்தம் கேட்டது. பாவு கட்டிய தெருவில் வண்டி நுழைவதில்லை. என் மாமனார் வண்டியை முனையில் நிறுத்தி இறங்கினார். நாமக்கல் பக்கமிருந்து நெடுந்தூரம் நடந்து களைத்திருந்த அவருடைய மாடு, எதிரே நீண்டு கிடந்த பாவின் நுனியை முகர்ந்தது. அதன்பின் நேர்ந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. மாட்டின் நாக்கு எத்தனை நீளமானது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

மாமனார் மாட்டை இழுத்தார்; அது வரவில்லை. அவர் பாவைப் பார்த்தார், எறும்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பையன் கஞ்சி குடிக்க மாட்டீங்கறான்னு சொன்னாங்க, மாப்பள. இங்க நூலே குடிக்குதே" என்றார்.

அப்பொழுது வீட்டு வாயிலில் செல்லம்மாள் வந்து நின்றாள். நெடுநாளைக்குப் பின் கிடைத்த உறக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்தவள் அவள். மார்ச்சேலை நனைந்திருந்தது. முகம் வலியில் வெளுத்திருந்தது.

"ஏனுங்க, பையனுக்கு என்ன குடுத்தீங்க?"

"கஞ்சிதான்."

"எத்தனை?"

"அவன் கேட்ட வரைக்கும்."

"அவன் எந்திரிக்க மாட்டீங்கறானுங்க."

பாவு, எறும்பு, மாடு எல்லாம் என் நினைவை விட்டு அகன்றன. உள்ளே ஓடினேன். முத்து தொட்டிலில் கிடந்தான். பெயரைச் சொல்லி அழைத்தேன், அசையவில்லை. பாதத்தைச் சுரண்டினேன், அசையவில்லை. அவன் மூக்கின் கீழே விரலை வைத்துக்கொண்டு நான் நின்றிருந்த அந்த நேரம், எனது நீண்ட வாழ்நாளில் மிக நீண்ட நேரம். மூச்சு சூடாக, சீராக, கருப்பட்டி மணத்தோடு வந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்ததும் ஒரு கண்ணைத் திறந்து, நான்தான் என்று தெரிந்ததும் மறுபடி மூடிக்கொண்டான். உண்ட மயக்கம், வேறொன்றுமில்லை.

ஆனால் செல்லம்மாளின் துன்பம் அத்துடன் தீரவில்லை. விடியற்காலையில் குடிக்க வேண்டிய பிள்ளை குடிக்காமையால் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இறுகியிருந்தது. முத்துவைத் தூக்கி வாயை மார்பில் வைத்தாள். நிறைந்த வயிற்றுக்காரன் உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் சுவரில் சாய்ந்து பல்லைக் கடித்தாள்.

"ஊட்டிட்டீங்க, செரி. எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா? நான் ஒருத்தி இங்க இருக்கறேனில்ல?" என்றாள். கிழிந்துபோன பாதித் தாளில் என்ன எழுதியிருந்திருக்கும் என்பது அப்பொழுது எனக்கு விளங்கியது.

காவேரி தன் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்பார்வையில் ஒரு விரிவுரை இருந்தது.

"அண்ணா, அக்கட்டால போங்க. ஏ செல்லம்மா, எம்புள்ள பசிச்சுக் கெடக்குது, உம்பட பாலு கட்டிக் கெடக்குது. இதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்குது? இந்தா, புடி."

நான் வெளியே வந்து நின்றேன். உள்ளே அந்தப் பெண்குழந்தையின் சிணுங்கல் நின்றது. சற்றுப் பொறுத்துச் செல்லம்மாள் நீண்ட மூச்சு விடும் ஓசை கேட்டது. தெருவில் செங்கோடன் பாவின் அருகே நின்று வீட்டு வாயிலையே பார்த்திருந்தான்.

"மச்சான்" என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். "எம்புள்ள உம்பட ஊட்டுப் பாலக் குடிச்சுருச்சு. இனி உன்னய மச்சான்னு எப்படிக் கூப்புடறது? ரெண்டும் அண்ணந் தங்கச்சி ஆயிருச்சு. நீ பங்காளிதான் இனிமே."

"அதனால் என்ன?"

"என்னவா? மாப்பளயும் போச்சு, பாவும் போச்சு. உன்னோட கஞ்சி நல்ல கஞ்சிதான் போ."

மாமனார் மாட்டை ஒருவாறு மீட்டு வேப்பமரத்தில் கட்டிவிட்டு உள்ளே போனார். மகளின் அருகே அமர்ந்தார்.

"என்ன சாமி, கெளம்பறியா?"

நான் வாயிலில் நின்று அவளுடைய விடைக்காகக் காத்திருந்தேன். போய்விடுவாள் என்றே நினைத்தேன். போனால் குற்றம் சொல்லவும் எனக்கு நாவில்லை. செல்லம்மாள் தொட்டிலைப் பார்த்தாள்.

"பையன் தின்னுட்டானுங்கப்பா. எப்படித் தின்னான்னு இவருக்கே தெரியாது. எனக்குத் தெரிஞ்சு போச்சு. இனி நான் பாத்துக்கறேன். இருக்கறேனுங்க."

பிறகு என்னை அழைத்துத் தன் ஏற்பாட்டைச் சொன்னாள். முதலில் பால், பால் குடித்த பின்னரே கஞ்சி; அதுவும் நீர்க்கக் காய்ச்சியது, பகலில் மட்டும், விரல் நுனி இனிப்போடு. பானையும் கரண்டியும் என் கைக்கு வரக்கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது.

"மத்தியானத்துல தறிய நிறுத்திப் போடணுமுங்க. தறி ஓடறப்ப அவனுக்கு ராத்திரி, நிக்கறப்பப் பகலு. பொறந்ததுல இருந்து அந்தச் சத்தத்துலதான் தூங்கறான். நீங்க நிறுத்துனா முழிப்பான், முழிச்சாப் பகல்லயே குடிப்பான். அந்நேரத்துக்கு அவனத் தூக்கி வெச்சுக்கிட்டு நீங்க உக்காந்துக்கங்க."

தறியை ஓட்டியவன் நான். ஓசை நின்றதும் பிள்ளை விழிப்பதை ஒவ்வொரு மாலையும் கண்டவனும் நான். இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றவில்லை. அன்று முதல் நடுப்பகலில் தறி நின்றது. நான் அவனை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தேன். சிறிது சிறிதாக அவன் இரவை இரவென்று ஒப்புக்கொண்டான். ராட்டை பழையபடி சுழன்றது. மாமனார் தாம் கொண்டுவந்த கேழ்வரகு மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, "இது பேரனுக்கு. நூலுக்கு வேற வாங்கிக்கங்க, மாப்பள" என்று சொல்லி வண்டியேறினார். மாடு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று.

பாவை அலசி, பிரித்து, அறுந்ததைப் பிணைத்து நெய்தேன். முழுச் சேலைக்கு நீளம் வரவில்லை. வந்ததையும் வியாபாரி தொட மறுத்தார். அத்துணியை இரண்டாகக் கிழித்து, ஒன்றை முத்துவின் தொட்டிலுக்கும் மற்றொன்றைச் செங்கோடன் மகளின் தொட்டிலுக்கும் கட்டினோம். பல் முளைக்கும் காலத்தில் இரண்டு பிள்ளைகளும் தொட்டிலின் ஓரத்தைச் சப்பிக்கொண்டே உறங்கினார்கள். கஞ்சி அலசியதில் போயிருக்கும் என்றேன் நான். போகவில்லை என்று செல்லம்மாள் கடைசிவரை சாதித்தாள்.

செங்கோடனுக்கு அதன்பின் பிறந்தவர்களும் பெண்களே. அந்த மூத்த மகளுக்குத் திருமணமானபோது, பெண்ணின் உடன்பிறந்தான் செய்ய வேண்டிய சடங்குக்கு முத்துதான் மணவறையில் போய் நின்றான். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு முறை விளங்கவில்லை. என்னையும் செங்கோடனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவரு பொண்ணுக்கு எந்த வழியில அண்ணனுங்க?" என்று முத்துவைக் காட்டிச் செங்கோடனிடம் கேட்டார்.

செங்கோடன் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, மிகுந்த மரியாதையோடு என்னைக் கைகாட்டினான்.

"பாவுக் கஞ்சி வழியிலீங்க. காச்சுனவரு அதோ நிக்கறாரு. பந்தியில பாயசம் இனிப்புக் கம்மியா இருந்தா, அவருகிட்டச் சொல்லுங்க."